டேம்பர் திறந்ததா, மூடியதா? கமிஷனிங் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ முடித்துவிட்டு, கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு குளிர்சாதனக் காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கட்டடம் முடியும் தறுவாயில் இருக்கிறது; பொருத்திய கருவிகளை ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும் கமிஷனிங் வேலை நடக்கிறது. ஒரு நாள் காலையில் மேலாளர் நான்கு பக்கப் பட்டியலைக் கையில் கொடுத்து, "இந்த டேம்பர்களை எல்லாம் சோதித்துவிட்டு வா" என்கிறார். எங்கே தொடங்குவது, எதைப் பார்த்தால் சோதித்ததாக அர்த்தம் என்பதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. அந்தக் காலைப் பொழுதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாய்க்காலுக்கு மடை எதுவோ, காற்று போகும் குழாயான டக்டுக்கு டேம்பர் அது; உள்ளே இருக்கும் தகடு திரும்பிக் காற்றை விடும், தடுக்கும். கீழ்பவானிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையைத் திறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னால் யாரும் திண்ணையில் உட்கார்ந்து தலையாட்டிவிடுவதில்லை. கடைசி வயலில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்ப்பார்கள். டேம்பர் சோதனையும் அப்படி நடந்து போய்ப் பார்க்கும் வேலைதான்.

வகைகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். கையால் திருப்பி இறுக்கி வைக்கும் அளவு டேம்பர். ஆக்சுவேட்டர் என்கிற சிறு மோட்டார் திருப்பும் மோட்டார் டேம்பர். தீப்பிடித்தால் மூடிக்கொள்ளும் ஃபயர் டேம்பர். புகைக்காக மூடவோ திறக்கவோ செய்யும் ஸ்மோக் டேம்பர். காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் டேம்பர். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் டேம்பர். அளவு டேம்பர் காற்றைச் சமன் செய்பவரின் பொறுப்பு. மற்றவை எல்லாம் உங்கள் பொறுப்பு.

மேலே ஏறும் முன்

டேம்பர் பட்டியல், டக்ட் வரைபடம், எது எப்போது ஓட வேண்டும் என்ற இயக்க வரிசை எழுதிய தாள், ஃபயர் அலாரத்துக்கான காரண-விளைவு அட்டவணை ஆகிய நான்கும் கையில் இல்லாமல் ஏணியைத் தொடாதீர்கள். எந்த டிடெக்டர் அலறினால் எந்த டேம்பர் மூட வேண்டும், எது திறக்க வேண்டும் என்பதை அந்த அட்டவணைதான் சொல்லும். நான்கையும் வைத்து உங்களுக்கென்று ஒரு தாள் தயார் செய்யுங்கள். டேம்பர் எண், இருக்கும் இடம், அளவு, சாதாரண நேரத்தில் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா, மின்சாரம் போனால் எந்தப் பக்கம் போக வேண்டும், சிக்னல் எத்தனை வோல்ட் என்ற இத்தனையும் அதில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் என்ன ஆக வேண்டும் என்ற கட்டம் பல பட்டியல்களில் காலியாகவே இருக்கும். அதை நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள். வடிவமைத்தவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பையில் மல்டிமீட்டர், டார்ச், சிறு கண்ணாடி, அளவு நாடா, 8 மற்றும் 10 எண் ஸ்பேனர், பெயின்ட் மார்க்கர், காற்று வேகமானி, இரண்டு தெர்மாமீட்டர் இருக்கட்டும். கண்ணாடி இழை உறை போட்ட டக்டாக இருந்தால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் கால் வைக்கவே கூடாது. அது ஆள் எடையைத் தாங்காது.

விரலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் வைத்த டேம்பர், மின்சாரம் நின்றால் எச்சரிக்கை எதுவும் தராமல் மூடிக்கொள்ளும். தகடுகளுக்கு நடுவே கை வைக்கும் முன் ஃபேனின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் நிறுத்தாதீர்கள், அவரும் உங்களுக்குத் தெரியாமல் எதையும் போட வேண்டாம் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

ஃபேன் நிற்கும்போது

முதல் சுற்று முழுவதும் ஃபேன் ஓடாமல் நடக்க வேண்டும். டேம்பர் வரைபடத்தில் உள்ள இடத்தில்தான் இருக்கிறதா, அதன் மேல் உள்ள அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையில் இருக்கிறதா, அருகில் கை நுழையும் அளவுக்கு ஆக்சஸ் டோர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர் டேம்பர் என்றால் மூடிய தகடு சுவரின் கனத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். சுவரைத் தாண்டி ஒரு முழம் தள்ளி டக்டில் தொங்கும் ஃபயர் டேம்பரால் பயனில்லை; தீ அந்த ஒரு முழ டக்டை உருக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடும்.

அடுத்து சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. டக்டோடு இழுத்துப் போல்ட் போடும்போது சட்டம் கோணிப்போவது மிகச் சாதாரணம். சில மில்லிமீட்டர் கோணினாலே தகடு ஓரத்தில் உரசும். ஆக்சுவேட்டர் வலுவில்லை என்று மாற்றப்பட்ட இடங்களில் பாதியில் உண்மையான குற்றவாளி கோணிய சட்டம்தான் என்பது என் அனுபவம்.

பிறகு மோட்டாரின் பிடியை விடுவிக்கும் ஆக்சுவேட்டரின் கிளட்ச் பொத்தானை அழுத்திக்கொண்டு கையால் திருப்புங்கள். மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை 90 டிகிரி. அந்தக் கால் வட்டத்தில் கைக்குத் தெரிவது ஏராளம். ஓரிடத்தில் கரகரவென்று உரசினால் சிமென்ட் கலவை விழுந்து காய்ந்திருக்கும். ஓரிடத்தில் டக்கென்று நின்றால், டக்டை இணைக்க வெளியிலிருந்து அடித்த ஸ்க்ரூவின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு தகட்டைத் தடுக்கிறது. கனமாகத் தொடங்கிப் போகப்போக லேசானால் ஓரத்து ரப்பர் சீல் மடங்கியிருக்கிறது. ஒருமுறை குளிர்காப்பு ஒட்டியவர்கள் இணைப்புக் கம்பியின் மேலேயே கறுப்பு ரப்பர் ஷீட்டைச் சுற்றி ஒட்டிவிட்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, டேம்பர் மட்டும் அசையவில்லை.

தகட்டைத் திருப்பும் தண்டான ஷாஃப்டின் முனையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். தகடு எந்தத் திசையில் இருக்கிறதோ, கோடும் அதே திசையில் இருக்கும். கோடு இல்லாவிட்டால் உள்ளே கண்ணாடியை விட்டுத் தகட்டைப் பார்த்து, பெயின்ட் மார்க்கரால் நீங்களே கோடு போடுங்கள். இனி வரும் எல்லாச் சோதனையிலும் நீங்கள் பார்க்கப்போவது இந்தக் கோட்டைத்தான். உங்களுக்குப் பின் பத்து வருடம் பராமரிப்பவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள்.

கட்டளை கொடுத்துப் பார்த்தல்

இப்போது கட்டுப்பாட்டு அறையில் ஒருவர், டேம்பர் அருகில் நீங்கள். கையில் போனோ வாக்கி-டாக்கியோ இருக்கட்டும். திரையிலிருந்து 0, 25, 50, 75, 100 விழுக்காடு என்று கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள், அதே வழியில் இறங்கியும் வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஆக்சுவேட்டர் முனையில் சிக்னல் எத்தனை வோல்ட், ஷாஃப்டின் கோடு எந்தக் கோணம், திரைக்குத் திரும்பி வரும் நிலை எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள்.

மூன்றும் ஏன் என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் காற்றே இல்லை, மூச்சு முட்டுகிறது என்றார்கள். திரையில் வெளிக்காற்று டேம்பர் 100 விழுக்காடு திறப்பு. திரும்பி வந்த சிக்னலும் 100. மென்பொருளைக் குடைந்து இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் எங்களோடு இருந்த வயதான ஃபிட்டர் என்னை ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் அனுப்பும் இயந்திரம்) அறைக்குள் கூட்டிப்போய், "கண்ணு, மோட்டார் சுற்றுவதைப் பார்க்காதே. கோட்டைப் பார்" என்றார். கட்டளை கொடுத்தோம். ஆக்சுவேட்டரின் முள் 0-இலிருந்து 90 வரை பதமாக நகர்ந்தது. ஷாஃப்ட் நகரவே இல்லை. ஷாஃப்டைப் பிடிக்கும் கிளாம்பின் இரண்டு நட்டும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. கிளாம்பின் பற்கள் ஷாஃப்டை வழித்து வழித்து, வெள்ளி நிறத்தில் ஒரு வளையமே விழுந்திருந்தது. திரைக்கு வந்த 100 விழுக்காடு ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் உறுப்பு அனுப்பியது. தகட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 10 எண் ஸ்பேனரில் இரண்டு சுற்று; கூடத்தில் காற்று வந்தது. கமிஷனிங் தாளில் அந்த டேம்பருக்கு எதிரே சரி என்று கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தை இன்றும் மறக்க முடியவில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்த கூடம் அது.

சிக்னல் பொருத்தம் அடுத்த பொறி. கன்ட்ரோலர் 0 முதல் 10 வோல்ட் அனுப்புகிறது, ஆக்சுவேட்டரோ 2 முதல் 10 வோல்ட் எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காடு கட்டளைக்கு 2 வோல்ட்தான் போகும், டேம்பர் அசையாது. 50 விழுக்காட்டுக்கு 5 வோல்ட் போகும், திறப்பதோ 37.5 விழுக்காடு. 0-விலும் 100-இலும் மட்டும் சோதித்தவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். தலைகீழாகப் பொருந்தாமல் போனால் இன்னும் மோசம்: மூடு என்ற கட்டளைக்கும் 2 வோல்ட் போவதால் டேம்பர் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் திறந்தே கிடக்கும். நடுநிலைகளைச் சோதிப்பது இதற்காகத்தான்.

ஓடும் நேரத்தையும் கடிகாரத்தில் பார்த்து, ஆக்சுவேட்டரின் டேட்டா ஷீட்டோடு ஒப்பிடுங்கள். 150 வினாடி என்று போட்டிருப்பது 60 வினாடியில் நின்றால், அது வேகமாக ஓடவில்லை, நடுவில் எங்கோ முட்டி நிற்கிறது.

கடைசியாக, ஒரு பேனலில் உள்ள எல்லா டேம்பருக்கும் ஒரே நேரத்தில் கட்டளை கொடுங்கள். ஒவ்வொன்றும் 6 விஏ (மின் சுமையின் அளவு) எடுக்கும் எட்டு ஆக்சுவேட்டர்கள் சேர்ந்தால் 48 விஏ. டிரான்ஸ்ஃபார்மர் 40 விஏ என்றால் தனித்தனியாக எல்லாம் ஓடும், சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கிப் பாதியில் நிற்கும். தீ நேரத்தில் அவை சேர்ந்துதான் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, வரிசையின் கடைசி ஆக்சுவேட்டரில் 24 வோல்ட் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தல்

2012-இன் மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். ஈபி போய் ஜெனரேட்டர் வரும் அந்தச் சில வினாடிகளில் டேம்பர்கள் என்ன செய்கின்றன என்பதை இங்கே சோதிக்காமல் விடவே கூடாது.

திரையில் பொத்தானை அழுத்திச் செய்வது இந்தச் சோதனை ஆகாது. பேனலில் பிரேக்கரை இறக்குங்கள். ஸ்பிரிங் உள்ள டேம்பர், தாளில் எழுதிய பக்கம் முழுவதுமாகப் போக வேண்டும். பல ஆக்சுவேட்டர்களுக்கு இதற்கு ஏறத்தாழ 20 வினாடி ஆகும். மறுபடி மின்சாரம் கொடுங்கள். இங்கேதான் கோளாறு ஒளிந்திருக்கிறது: ஃபேன் உடனே கிளம்பிவிடும், டேம்பர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். மூடிய டேம்பரை எதிர்த்து ஃபேன் ஓடினால் டக்ட் ஒரு பக்கம் உப்பும், உறிஞ்சும் பக்கமாக இருந்தால் உள்ளே நசுங்கும். டேம்பர் திறந்ததை எண்ட் ஸ்விட்ச் (டேம்பர் முழுவதும் திறந்ததும் தட்டப்படும் சிறு ஸ்விட்ச்) உறுதி செய்த பிறகே ஃபேன் கிளம்ப வேண்டும். இதைச் சோதிக்க எண்ட் ஸ்விட்சின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஃபேனை ஓட்டச் சொல்லுங்கள். ஃபேன் ஓடக் கூடாது. ஓடினால், டேம்பர் திறக்கும்வரை ஃபேனைத் தடுக்கும் இன்டர்லாக் தாளில் மட்டுமே இருக்கிறது. சோதனை முடிந்ததும் கழற்றிய வயரை நீங்களே மாட்டி, மாட்டிவிட்டதாகத் தாளில் எழுதுங்கள்.

காற்றோடு சேர்த்து

இப்போது ஃபேனை ஓட்டலாம். நின்ற காற்றில் லேசாக மூடிய டேம்பர், ஓடும் காற்றில் மூட முடியாமல் திணறலாம். அதனால் திறப்பு-மூடல் சோதனையை முழுக் காற்றோட்டத்தில் திரும்பவும் செய்யுங்கள்.

பாதி திறந்தால் பாதிக் காற்று என்று நினைத்துவிடாதீர்கள். பல டேம்பர்கள் மூன்றில் ஒரு பங்கு திறப்பதற்குள்ளேயே பெரும்பகுதிக் காற்றை விட்டுவிடும். திறப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொடுத்தால் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவர் உங்களை வாழ்த்துவார்.

வெளிக்காற்று எத்தனை விழுக்காடு கலக்கிறது என்பதை இரண்டு தெர்மாமீட்டரால் கண்டுபிடிக்கலாம். அறையிலிருந்து திரும்பும் காற்று 24 டிகிரி, வெளியே 34, கலந்த காற்று 26 என்றால், 26-இலிருந்து 24-ஐக் கழித்தால் 2. 34-இலிருந்து 24-ஐக் கழித்தால் 10. இரண்டை பத்தால் வகுத்தால் 20 விழுக்காடு. வெளிக்கும் உள்ளுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு நம்பத்தக்கது. கோவையில் ஆடி மாத மாலையில் வெளிக்காற்றும் அறைக் காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். அப்போது செய்தால் விடை எங்கெங்கோ போகும். பங்குனி, சித்திரை உச்சி வெயிலே இதற்குத் தகுந்த நேரம்.

ஆடிக் காற்றுக்கு வேறொரு பயன் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் வீசும் மேல்காற்று, மொட்டை மாடியில் மேற்குப் பார்த்த வெளிக்காற்று டேம்பர்களை முறையாகச் சோதித்துக்கொடுக்கும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் தள்ளும். ஆறு கிலோ எடையைத் தகட்டின் மேல் சாய்த்து வைத்ததற்குச் சமம். மூடிய டேம்பர் அந்தத் தள்ளலில் பிளந்து தூசியை உள்ளே விடுகிறதா என்று ஒரு காற்று நாளில் மேலே போய்ப் பாருங்கள்.

ஃபயர் டேம்பர்

இதில் மாதிரிச் சோதனை என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பத்தில் ஒன்றைச் சோதித்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அறைக்குள் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஃபயர் டேம்பர் நூறு இருந்தால் நூறையும் மூடிப் பார்க்க வேண்டும். தீ எந்த அறையில் பிடிக்கும் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

திரைச்சீலை போல விழும் வகையில் ஃபியூசிபிள் லிங்க் என்ற சிறு உலோக இணைப்பு, சுமார் 72 டிகிரியில் உருகி டேம்பரை விடுவிக்கும். லைட்டரைப் பிடித்து அதை உருக்கிக் காட்டும் வழக்கம் வேண்டாம். டக்டுக்குள் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. லிங்கைக் கையால் கழற்றி விடுவியுங்கள். தகடு முழுவதும் விழுந்து கொக்கி பூட்டிக்கொள்ள வேண்டும். பாதியில் தொங்கினால் தோல்வி என்று எழுதுங்கள். ஃபேன் நின்ற பிறகே மூடுவதற்காகச் செய்த வகையை, ஃபேன் ஓடும்போது மூடிப் பார்க்காதீர்கள். எந்த வகை என்பது லேபிளில் இருக்கும். மோட்டார் வைத்த வகையில் அதன் வெப்ப உணரியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தியும், அந்தப் பகுதி டிடெக்டரில் சோதனைப் புகை காட்டியும் தனித்தனியே பாருங்கள். காரண-விளைவு அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒருமுறை நடந்தாக வேண்டும். மூட வேண்டியவை மூடினவா என்பதோடு, திறந்திருக்க வேண்டிய புகைப்போக்கி டேம்பர்கள் தவறுதலாக மூடவில்லையே என்பதையும் பார்க்க வேண்டும்.

தீயின்போது புகை நுழையாமலிருக்கப் படிக்கட்டில் ஏற்றிவைக்கும் காற்றழுத்தத்துக்கான ரிலீஃப் டேம்பரையும் அன்றே முடித்துவிடலாம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு படிக்கட்டுக்கு 50 பாஸ்கல் அழுத்தம் கேட்கிறது. இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் அது 100 நியூட்டன். கைப்பிடியில் அதில் பாதி, கூடவே கதவு மூடும் ஸ்பிரிங்கின் பலம். டேம்பரின் எதிர் எடை சரியாக இல்லாமல் அழுத்தம் ஏறிவிட்டால், வயதான ஒரு பாட்டியால் அந்தக் கதவைத் திறக்க முடியாது. அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் 50 வந்ததும் நின்றுவிடாமல், கதவை ஒரு கையால் நீங்களே திறந்து பாருங்கள்.

முடித்ததும் ஒவ்வொரு ஃபயர் டேம்பரையும் பழைய நிலைக்குத் தூக்கி மாட்ட வேண்டும். ரீசெட் செய்ததற்குத் தாளில் தனிக் கட்டம் இருக்கட்டும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 80 விதி, முதல் வருடம் முடிந்ததும் ஒருமுறையும், பிறகு நான்கு வருடத்துக்கு ஒருமுறையும், மருத்துவமனை என்றால் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்கிறது. உங்கள் தாள்தான் அப்போது சோதிப்பவர்களுக்கு ஆதாரம்.

மில்லில் வேலை வந்தால்

நம் பக்கத்தில் வேலை செய்பவருக்கு நூற்பாலை எப்படியும் ஒரு நாள் வரும். அங்கே காற்றுக்கு ஈரப்பதம் ஏற்றும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் வெளிக்காற்று, திரும்பும் காற்று, வெளியேற்றம் என்று மூன்று பெரிய டேம்பர்கள். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் கூடத்தில் 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் நிற்பது இந்த மூன்றின் ஒத்துழைப்பில்தான். வெளிக்காற்று எவ்வளவு திறக்கிறதோ, திரும்பும் காற்று அவ்வளவு மூட வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் நகர்த்திப் பாருங்கள்.

புதிதாகப் போட்ட நாளில் எல்லாம் வெண்ணெய் போல நகரும். பஞ்சுத் துகளும் நீர்த்துளியும் சேர்ந்து பேரிங்கில் கம்பளி போலப் படிந்த பிறகு கதை வேறு. அதனால் மில்லில் ஒரே நாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீர் தெளிப்பும் இயந்திரங்களும் ஓடத் தொடங்கி ஒரு வாரம் கழித்து மறுபடி போய், அதே தாளில் இரண்டாவது வரிசையாக ஓடும் நேரங்களை எழுதுங்கள். முதல் நாள் 90 வினாடி எடுத்த டேம்பர் ஒரு வாரத்தில் திணறத் தொடங்கியிருந்தால், சுத்தம் செய்யும் இடைவெளியை மில்லின் பராமரிப்பு அதிகாரியோடு அங்கேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள். பேசியதையும் அந்தத் தாளிலேயே குறித்து, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.